பழைய ஊரைத் திறந்த அத்தை

நான் யார் என்று இவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மழையில் இவருடைய குடைக்குள் நின்றுதான் பேருந்து ஏறினேன். வீட்டில் மாமியார் எப்படி இருக்கிறார் என்றுகூட விசாரித்தார். இருந்தாலும் இப்போது கேட்பார். கேட்காமல் விட்டால் அவர் வேலைக்கு ஆபத்து, என்று நினைத்தபடி அவள் அலுவலக வாசலில் நின்றாள்.

"யாரும்மா நீங்க?" என்று கேட்டார் வாசல் காவலர்.

"புதுசா சேர்ந்திருக்கேன். குடிமக்கள் புகார் எழுதற வேலை."

"வாங்க, வாங்க. நம்ம நிறுவனம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

இதைச் சொல்லும்போது காவலர் அவளைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலிருந்த காமிராவைப் பார்த்தார். இருவரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் சிரிப்பது முன்பழக்கத்தின் அறிகுறி என்று சுற்றறிக்கை சொல்லியிருந்தது.

அந்த நிறுவனம் ஊர் கட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தயாரித்து விற்றது. பெயர் 'பட்டணம்'. ஆடுகிறவர் கையில் ஒரு வெற்று நிலமும் ஓர் ஆறும் கொடுக்கப்படும். அவர் சாலை போடுவார், குழாய் பதிப்பார், வீடு கட்டுவார். வீடு எழும்பியதும் சின்னஞ்சிறு மனிதர்கள் மூட்டை முடிச்சோடு வந்து குடியேறுவார்கள். மூட்டையை இறக்கி வைப்பதற்குள் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தக் குறைகளை எழுதுவதுதான் அவள் வேலை. 'எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை.' 'பள்ளிக்கூடத்துக்கு எதிரே கல்லறையை வைத்த புண்ணியவான் யார்?' பல வருடங்களாக அடுத்தவர் குறையை எழுதி எழுதி, தன் வீட்டுக் குழாய் வறண்டால் அவளுக்கு வாயே வராமல் போயிருந்தது. அலுவலக வேலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது போல இருக்கும்.

விளையாட்டு நன்றாகத்தான் விற்றது. வந்த வினை என்னவென்றால், வாங்கியவர்கள் ஓர் ஊரைக் கட்டி முடித்தார்கள். கட்டி முடித்து, கொஞ்ச நேரம் அழகு பார்த்து, மன நிறைவோடு கணினியை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டாவது ஊர் கட்ட யாரும் திரும்பி வரவில்லை. இது தெரிந்ததும் நிறுவனத்தில் 'மீளாட்டப் பிரிவு' என்று ஒன்று தொடங்கப்பட்டது. ஒரு தடவை ஆடியவரைத் திரும்பத் திரும்ப ஆட வைப்பது அதன் பொறுப்பு. அதற்கு ஓர் இயக்குநர் வந்தார்.

"திருப்தி," என்றார் இயக்குநர் முதல் கூட்டத்தில். "அதுதாங்க நம்ம வியாதி. ஒருத்தன் நம்ம பொருள வாங்கறான், சந்தோஷப்படறான், போயிடறான். இது எவ்வளவு பெரிய நம்பிக்கைத் துரோகம்னு யோசிச்சுப் பாருங்க. சந்தோஷத்த நாம குடுக்கறோம். அவன் அத வாங்கிக்கிட்டுப் பிள்ளைங்களோட பூங்காவுக்குப் போறான்."

அறையில் இருந்தவர்கள் பூங்காவுக்குப் போகிறவர்களை நினைத்து வருத்தப்பட்டார்கள்.

வரைபடக்காரர் கையைத் தூக்கினார். விளையாட்டில் வரும் ஆறு, மலை எல்லாவற்றையும் வரைகிறவர் அவர்தான். அவள் மேசைக்கு அடுத்த மேசை.

"ஆறு ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல ஓடட்டும் சார். ஒரு தடவை மலை, ஒரு தடவை சதுப்பு நிலம். ஒருத்தருக்குத் துறைமுகம், இன்னொருத்தருக்குச் சுரங்கம். குடி வர்றவங்களும் ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு குணமா இருக்கட்டும். அப்ப ரெண்டாவது ஊரு முதல் ஊரு மாதிரி வளராது. இது எப்படி வருதுன்னு பாப்போமேன்னு திரும்ப ஆடத் தோணும்."

"நல்ல யோசனை," என்றார் இயக்குநர். "ஆனா இதுல ஒரு பெரிய குறை இருக்கு. ஒரே ஆளு, ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுட்டீங்க. அப்ப ஒரு பிரிவு எதுக்கு இருக்கணும்?"

யோசனை பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. பரிசீலனை என்பது மூன்றாம் மாடியில், யாரும் இறங்காத இடத்தில் இருந்தது.

பிறகு ஆலோசகர் வந்தார். நெற்றியில் எப்போதும் கவலை தெரிய, காலில் விலை உயர்ந்த செருப்போடு, மெதுவான குரலில் பேசும் மனிதர். அவர் விளையாட்டை ஆடிப் பார்க்கவில்லை. ஆடினால் பார்வை கெட்டுவிடும் என்றார்.

"உலகத்துல எல்லாரும் விளையாட்ட மாத்தறாங்க. நான் கேக்கறேன், ஏன் விளையாட்ட மாத்தணும்? ஆடறவன மாத்தினா போதாதா? அவன் ஏன் திரும்ப வரல? ஏற்கெனவே ஆடினது அவனுக்கு ஞாபகம் இருக்கு. அந்த ஞாபகத்த எடுத்துட்டா ஒரே ஊர ஆயுசு பூரா விக்கலாம்." சுற்றிலும் பார்த்தார். "ஆனா மறதின்னா என்னன்னு முதல்ல நாம கத்துக்கணும். நமக்கே தெரியாதத நாம எப்படி விக்கறது?"

இப்படித்தான் 'புதுத் தொடக்கம்' வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலுவலகம் முதலிலிருந்து ஆரம்பமாகும். மேசைகள் இடம் மாறும். ஒருவரை ஒருவர் பெயர் கேட்டு அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். கழிப்பறைகள் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாடிக்குப் போயின. அதாவது, கதவிலிருந்த பலகை போனது. கணக்குப் பிரிவின் தலைவர், தன் கண்ணை நம்புவதா பலகையை நம்புவதா என்று தெரியாமல், பொருட்கள் வைக்கும் அறைக்குள் வெகு நேரம் நின்றுவிட்டு வந்தார். அவருக்குச் 'சிறந்த புதுவரவு' விருது கிடைத்தது. அடுத்த வாரமும் அவருக்கே கிடைத்தது. அதற்கடுத்த வாரம் விருதை வாங்கும்போது அவர் முகத்தில் போதிய ஆச்சரியம் இல்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

வரைபடக்காரர், தானே உருவாக்கிய வரைபட மென்பொருளுக்குப் பயிற்சி வகுப்பில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். சொல்லிக் கொடுத்தது அவரிடமே தொழில் கற்ற பெண். வகுப்பு முடிவில் வைத்த தேர்வில் அவர் தேறவில்லை. அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "விடும்மா," என்றார் அவர். "அடுத்த வாரம் உனக்கு என்னையே தெரியாது. எதுக்கு வீணா அழற?"

புகார் எழுதும் அவளுக்கும் ஓர் உத்தரவு வந்தது. இனி எந்தக் குடிமகனும் தன் புகாரில் 'இன்னும்', 'மறுபடியும்', 'போன வருஷமும்' ஆகிய சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. ஊருக்கு நேற்று என்று ஒன்று இருந்ததை அவை நினைவூட்டுகின்றன. அவள் உட்கார்ந்து பழைய புகார்களிலிருந்து அந்தச் சொற்களைப் பிடுங்கினாள். 'தண்ணீர் இன்னும் வரவில்லை' என்பது 'தண்ணீர் வரவில்லை' ஆயிற்று. படித்துப் பார்த்தாள். கோபம் போய், வெறும் தகவல் நின்றது. யாரோ எதையும் எதிர்பார்க்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, தானும் கொஞ்ச காலமாக இப்படித்தான் பேசுகிறோமோ என்று தோன்றியது.

வீட்டில் அத்தை இருந்தார்.

மாமியாரை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். ஒரு காலத்தில் அத்தை தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். பாதி ஊருக்கு விரல் பழக்கிவிட்ட மனுஷி. இப்போது அவருக்கு இன்றைக்கு நடந்தது நாளைக்கு நிற்பதில்லை, சில நேரம் சற்று முன் நடந்ததும். வெகு காலத்துக்கு முந்தையது எல்லாம் கல்லில் வெட்டியது போல இருக்கும். நேற்று மட்டும் இருக்காது. கணவன் வேறு ஊரில் வேலை பார்த்தான். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவாள். பொழுது போகட்டுமே என்று மருமகள் தன் பழைய கணினியில் 'பட்டணம்' போட்டுக் கொடுத்திருந்தாள், தன் கணக்கிலேயே. ஊழியர்களுக்கு அது இலவசம்.

அத்தைக்கு அது தினமும் புதிது. காலையில் கணினியின் முன்னால் உட்கார்ந்து, "இது என்னம்மா, புதுசா இருக்கே?" என்பார். முதலில் பேருந்து நிலையம் வைப்பார். அப்புறம் ஒரு நூலகம். விளையாட்டில் தட்டச்சுப் பள்ளி கிடையாது, அதனால் நூலகத்தையே பள்ளி என்பார். புகார்கள் வந்தால் வாய்விட்டுப் படித்துப் பதில் சொல்வார். "விளக்கு எரியலையாம். வந்து இறங்கறதுக்குள்ள என்னடா அவசரம் உனக்கு? எழுதினவன் எவனோ சரியான சிடுமூஞ்சி."

"நான்தான் அத்தை எழுதறேன்."

"அப்ப சரி," என்பார் அத்தை. அவருக்கு மருமகளைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் மறந்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இயக்குநர் எல்லோரையும் பெரிய அறைக்கு அழைத்தார். யார் எத்தனை தடவை புது ஊர் தொடங்கினார்கள் என்று காட்டும் கோடுகள் திரையில் இருந்தன. உலகம் முழுவதும் ஆடுகிறவர்களின் கோடுகள் எல்லாம் கீழே படுத்துக் கிடந்தன. ஒரே ஒரு கோடு மட்டும் தலை நிமிர்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

"இந்த ஒரு ஆளு," என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "தினமும் வர்றாரு. தினமும் புதுசா ஊரு ஆரம்பிக்கறாரு. மாசக்கணக்கா. ஒரு நாள்கூட அலுப்பு இல்ல. நாம தேடிக்கிட்டிருந்த மனுஷன் இவர்தான். கணக்கு யாருதுன்னு பாத்தா, நம்ம புகார் எழுதறவங்களோடது."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"நான் இல்ல சார். என் மாமியார்."

"அவங்களுக்கு நம்ம விளையாட்டுல எது இவ்வளவு பிடிச்சிருக்கு?"

"நேத்து ஆடினது அவங்களுக்கு ஞாபகம் இருக்காது சார். உடம்பு சரியில்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு யாரோ கை தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது ஆலோசகர் எழுந்து நின்றிருந்தார், கண்கள் கலங்கியிருந்தன. மற்றவர்களும் எழுந்தார்கள். வரைபடக்காரர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடிக்க, அவரும் எழுந்தார்.

விளையாட்டின் புதிய பதிப்பு வெளியாகும் விழாவில் அத்தையை மேடையில் உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. மணிக்கொரு தடவை, புது ஊர். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்து, அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. கணவனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "எதுக்கும் மேல இருக்கறவங்ககிட்ட மொறைச்சுக்காத," என்றான். பிறகு, "அம்மா நல்லா சாப்பிடறாங்களா?" என்றான்.

முன்னேற்பாடாக ஆலோசகர் வீட்டுக்கு வந்தார்.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "சேரத்தான வந்திருக்க? கையக் காட்டு." ஆலோசகர் கையை நீட்டினார். "சுண்டு விரல்ல பலமே இல்ல. வீட்டுல ஒரு வேலையும் செய்யறதில்லன்னு தெரியுது. பரவால்ல, காலைல முதல் வகுப்புக்கு வா. நகத்த வெட்டிட்டு வா."

ஆலோசகர் பணிவாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். திரும்ப உள்ளே வந்தார்.

"சேரத்தான வந்திருக்க?" என்றார் அத்தை. "கையக் காட்டு."

ஆலோசகர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், கடையில் நல்ல சரக்கு கண்ட மாதிரி. மறுபடியும் வெளியே போனார். மறுபடியும் வந்தார். இந்தத் தடவை அத்தை கையைக் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ஆவல் அத்தைக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஏதோ ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது என்று பட்டுவிட்டது. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார்.

"உக்காருங்க," என்றார், மரியாதையாக.

ஆலோசகர் போனபிறகு அத்தை சமையலறைக்கு வந்து நின்றார். "ஏம்மா, அந்த ஆளு முன்னாடியே வந்தாரா?"

"இல்லத்தை. இப்பதான் முதல் தடவையா வந்தாரு."

"நான் ஏதும் தப்பாப் பேசிடலையே?"

"இல்லத்தை."

அத்தை நிம்மதியாகப் போனார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பார்த்த ஆளைப் பார்க்காதது போல, நடந்ததை நடக்காதது போல. திங்கட்கிழமைகள் எல்லாம் வீண் போகவில்லை, என்று நினைத்தாள். என்னை நன்றாகத்தான் தயார் செய்திருக்கிறார்கள்.

அந்த மாதம் மருத்துவர் மாத்திரையை மாற்றினார். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் எழுதிக் கொடுத்தார். அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு காலையில் அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது அத்தை கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். "இது என்னம்மா, புதுசா இருக்கே?" என்று கேட்கவில்லை. திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"பாலத்தப் பாதியில விட்டுட்டேனே. எங்க போச்சு?"

"எந்தப் பாலம் அத்தை?"

"ஆத்துக்கு மேல. அந்தக் கரையில வீடெல்லாம் வெச்சேன். பாலம் முடியல. ஜனங்க எப்படி இந்தப் பக்கம் வருவாங்க?" எரிச்சலாகத் திரும்பினார். "நின்னு பாக்கறியே, எங்க போச்சுன்னு சொல்லேன்."

அவள் குனிந்து பழைய ஊர்களின் வரிசையைத் திறந்தாள். நீளமாக இருந்தது, எல்லாம் அத்தை ஒரு நாள் கட்டி மறந்தவை. மேலே நேற்றைய ஊர். அத்தையே விரலை வைத்து அழுத்தினார். ஆறு வந்தது. ஆற்றின் நடுவே, வாயைத் திறந்தபடி, பாதிப் பாலம்.

"இதோ," என்றார் அத்தை. பாலத்தை முடித்தார். அந்தக் கரையில் காத்திருந்த சின்னஞ்சிறு மனிதர்கள் சாரிசாரியாக இந்தப் பக்கம் வந்தார்கள். வந்ததும் பேருந்து சரியில்லை என்றார்கள். "வாயப் பாரு. பாலம் போட்டுக் குடுத்தவளுக்கு ஒரு நன்றி கிடையாது," என்றார் அத்தை, பரம சந்தோஷமாக.

அன்று அவள் பேருந்தைத் தவறவிட்டாள். அத்தை முதுகுக்குப் பின்னால் வெகு நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாளும் அத்தை அதே ஊரைத் திறந்தார்.

அதற்கு மறுநாள் இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆலோசகரும் இருந்தார். திரையில் அந்தக் கோடு, மேலே போன கோடு, தலை சாய்ந்து நின்றது.

"உக்காருங்கம்மா. உங்க மாமியாருக்கு என்ன ஆச்சு?" என்றார் இயக்குநர். நிஜமான கவலை. "பழைய ஊரத் தொறந்திருக்காங்க. ஏதோ கை தவறிடுச்சுன்னு விட்டோம். நேத்தும் தொறந்திருக்காங்க."

"ஆமா சார். பாலத்த முடிச்சாங்க."

"மாத்திரை ஏதாவது மாத்தினீங்களா?" என்றார் ஆலோசகர்.

"டாக்டர் மாத்தினாரு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார் ஆலோசகர் மெதுவாக.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் இயக்குநர். "மாத்திரைய நிறுத்துங்கன்னு நான் சொல்லமாட்டேன். நானும் தாய்க்குப் பொறந்தவன்தான். சின்ன உதவி. சாயங்காலம் அவங்க எந்திரிச்சப்புறம் அந்த ஊர அழிச்சுடுங்க. பழசு எதுவுமே இருக்கக் கூடாது. காலைல வந்து பாத்தா வெறும் நிலம். ஆரம்பிக்கறதத் தவிர அவங்களுக்கு வேற வழி இருக்காது. விழா வரைக்கும்தான். அதுக்கப்புறம் அவங்க எவ்வளவு வேணும்னாலும் ஞாபகம் வெச்சுக்கட்டும். நாங்க தடுக்கவா போறோம்?"

"இங்கேருந்தே நாங்க அழிச்சிருப்போம்," என்றார் ஆலோசகர். "ஆனா ஆட்டக்காரரோட உரிமைன்னு சட்டப் பிரிவுல ஒரு பிடிவாதம். கணக்கு யாருதோ அவங்க கையாலதான் அழிக்கணுமாம். உங்க போன்லயே செய்யலாம். இன்னைக்கு இப்பவே செஞ்சுட்டீங்கன்னா எங்களுக்கும் நிம்மதி."

அவள் கைப்பேசியை எடுத்தாள். பழக்கம், மேலதிகாரி சொன்னால் கை முதலில் போய்விடும். கணக்கைத் திறந்தாள். அத்தையின் ஊர் அங்கே இருந்தது. பேருந்து நிலையம், நூலகம், முடிந்த பாலம். பாலத்தின் மேல் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

அழித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளைக் காலையில் அத்தை பாலத்தைத் தேடுவார். இருக்காது. ஊரை யாரோ அழித்துவிட்டார்கள் என்று அத்தைக்குத் தோன்றாது. அப்படி ஓர் ஊரே இருக்கவில்லை, நான்தான் எதையோ நினைத்துக்கொண்டேன் என்று தோன்றும். கையை மடியில் கோத்துக்கொள்வார். அப்புறம் தேடவே மாட்டார்.

இதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் எத்தனையோ பேருக்காகப் புகார் எழுதியவள். இதற்கு ஒரு வரி வரவில்லை. எந்த வரியைச் சொன்னாலும் ஆலோசகர் அதை நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வார் என்று மட்டும் தோன்றியது.

கைப்பேசியை அணைத்து மடியில் வைத்தாள்.

"என்னம்மா, வரலையா?" என்றார் இயக்குநர். "இப்படிக் குடுங்க, எந்த எடம்னு காட்டறேன்."

"எடம் தெரியும் சார். நான் அழிக்கல."

"அழிக்கலன்னா?"

"அழிக்க மாட்டேன் சார். அத்தை மேடைக்கும் வரமாட்டாங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. அதனால் சரியாகக் கேட்கவில்லையோ என்று இருவரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள். அவள் கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். வெளியே யாரோ ஒரு மேசையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"அவசரப்படாதீங்க," என்றார் இயக்குநர் கடைசியில். கோபம் இல்லை, அனுதாபம்தான். "வீட்டுல கஷ்டம், மனசு குழம்பியிருக்கும். இன்னைக்கு நாம பேசவே இல்லன்னு வெச்சுக்குவோம். நாளைக்குப் புதுசா கேக்கறேன்."

"கேளுங்க சார்," என்றாள் அவள் எழுந்துகொண்டே. "இன்னைக்கு என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கும்."